மூச்சில் பறக்கும் உமி

அக்காவுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள் ஆகியிருந்தது. கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த 30 மில்லி அளவுக் கப்பில் பருப்புத் தண்ணீரை ஊற்றி, துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கப் முடியப் பத்து நிமிடம். சற்று ஓய்வு. அப்புறம் அடுத்த கப். நாள் முழுக்க அவளுக்கு இதே வேலை. ஆபரேஷன் அன்று கைவளையலைக் கழற்றச் சோப்பு நுரை போட்டு இழுக்க வேண்டியிருந்தது. அந்த வளையல்கள் இன்னும் பீரோவில்தான் இருந்தன.

பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஒரு வாசனை வந்தது. கனிந்து கறுத்த வாழைப்பழமும், நகப்பூச்சு அழிக்கும் திரவமும் கலந்ததுபோல ஒரு நெடி. நான் கேட்கும் முன்பே அவள் சொன்னாள்: “காலையிலேர்ந்து மூணு தடவை பல் தேச்சுட்டேன்டா, போக மாட்டேங்குது. உள்ள ஏதாவது அழுகுதா?”

கேட்கும்போது குரல் நடுங்கியது. அவள் பயத்துக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. நாளெல்லாம் குடித்தாலும் ஒருவேளைச் சாப்பாட்டின் சத்துக்கூட உள்ளே போகவில்லையே, நடக்கவும் பேசவும் யோசிக்கவும் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பானையும் குதிரும்

பழைய விவசாய வீடுகளில் தானியம் இரண்டு இடங்களில் இருக்கும். அடுக்களையில் அரிசிப் பானை; உள்ளறையில் நெல் நிறைந்த குதிர். அன்றாடச் சமையலுக்குக் கை போவது பானைக்குள். பானை காலியானால்தான் குதிரின் நினைவு வரும்.

உடலிலும் அப்படித்தான். சோறு, இட்லி, சப்பாத்தி என்று நாம் சாப்பிடும் மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. உடனே செலவாகாத சர்க்கரையைக் கோத்து, கிளைக்கோஜன் என்ற பொருளாக உடல் சேர்த்துவைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். இது அரிசிப் பானை. எதுவும் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலின் கையிருப்பு ஏறக்குறைய ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

குதிர் என்பது கொழுப்பு. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. 30 கிலோ கூடுதல் கொழுப்பைச் சுமக்கிற ஒருவரிடம், நாளுக்கு 2,000 கலோரி என்று செலவழித்தாலும் 100 நாளைத் தாண்டி வரக்கூடிய இருப்பு உண்டு.

இவ்வளவு இருந்தும் அது ஏன் தானாகச் செலவாவதில்லை? குதிரின் சாவி இன்சுலினிடம் இருக்கிறது. மாவுச்சத்து உள்ளே போனதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ‘இப்போது வரவு நேரம், சேமித்துவை’ என்று உடலுக்கு அது சொல்லும் சேதி. அந்தச் சேதி ஓங்கி ஒலிக்கும்வரை கொழுப்புச் செல்கள் பூட்டியே இருக்கும். மாவுச்சத்து குறைந்தால், அல்லது மொத்தச் சாப்பாடே குறைந்தால், இன்சுலின் இறங்கும். பூட்டு திறந்து கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கத் தொடங்கும்.

கோழி கொத்தும், குழந்தையால் முடியாது

குதிரிலிருந்து நெல் வந்துவிட்டது. ஆனால் எல்லோராலும் நெல்லைத் தின்ன முடியுமா? கோழி அப்படியே கொத்தித் தின்னும். வீட்டுக் குழந்தைக்கு அதைக் கொடுக்க முடியாது.

இதயமும் தசைகளும் கோழியைப் போல; கொழுப்பு அமிலத்தை நேராகவே எரித்துக்கொள்ளும். மூளை குழந்தையைப் போல. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள காப்புச்சுவரைத் தாண்டிக் கொழுப்பு அமிலம் போதிய அளவில் உள்ளே போவதில்லை. மூளைக்கு வேண்டியது சர்க்கரை. உடல் எடையில் அது வெறும் 2 சதவீதம்தான் என்றாலும், ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சர்க்கரைக் கணக்கில் நாளுக்குச் சுமார் 120 கிராம்.

இங்கேதான் விஞ்ஞானிகளை வெகுகாலம் குழப்பிய புதிர் வருகிறது. கொழுப்பின் சிறு பகுதியைத் தவிர மற்றதை மனித உடலால் சர்க்கரையாக்க முடியாது. புரதத்தை மாற்ற முடியும். ‘புதுச்சர்க்கரை ஆக்கம்’ என்று அதைச் சொல்லலாம். அப்படியென்றால் பட்டினி கிடக்கும் ஒருவரின் மூளைக்குத் தீனி போட உடல் தன் தசையைத்தான் கரைக்க வேண்டும். கணக்குப் போட்டால் நாளுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை போயாக வேண்டும். வீட்டு உத்தரத்தை வெட்டி அடுப்பெரிக்கிற கதை இது. இந்த வேகத்தில் மனிதன் இரண்டு மூன்று வாரம் தாங்குவதே கடினம். ஆனால் தண்ணீர் மட்டும் குடித்து இரண்டு மாதம் உயிரோடிருந்தவர்கள் உண்டு. கணக்கில் எங்கோ ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது.

விடுபட்ட அந்த வரவைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் காஹில், ஆலிவர் ஓவன் ஆகியோரின் குழுவினர். உடல் பருமனுக்கு மருத்துவக் கண்காணிப்பில் நீண்ட உண்ணாநோன்பு இருந்த மூவரை அவர்கள் ஆராய்ந்தார்கள். நோன்பின் ஐந்தாறு வாரங்களில், மூளைக்குப் போகும் ரத்தத்தையும், மூளையிலிருந்து திரும்பிக் கழுத்துச் சிரை வழியே வரும் ரத்தத்தையும் மெல்லிய குழாய் செருகி எடுத்து ஒப்பிட்டார்கள். கடைக்குள் போகும்போது பையில் இருந்த பணத்தையும் வெளியே வரும்போது இருக்கும் பணத்தையும் எண்ணினால் செலவு தெரிந்துவிடும் அல்லவா, அதே முறை. மூளை எடுத்துக்கொண்ட எரிபொருளில் பெரும்பகுதி சர்க்கரையாக இல்லை, கீட்டோன்களாக இருந்தது. 1967இல் வெளியான இந்த முடிவு, மூளைக்குச் சர்க்கரை ஒன்றே உணவு என்ற நெடுநாள் எண்ணத்தை மாற்றியது.

கீட்டோன் என்பது என்ன? நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தால் அவல் கிடைக்கும். அவலைக் குழந்தையும் சாப்பிடும். உடலின் உரலும் உலக்கையும் கல்லீரல். அது கொழுப்பு அமிலத்தை உடைத்து, நீரில் கரையும் சிறுதுண்டுகளாக்கி ரத்தத்தில் விடுகிறது. மூளையின் காப்புச்சுவரை அவை தாண்டிவிடும். தான் இடித்த அவலில் ஒரு பிடியைக்கூடக் கல்லீரல் உண்பதில்லை. கீட்டோனை எரிபொருளாக்கும் நொதி அதனிடம் இல்லை. முழுவதையும் பிற உறுப்புகளுக்கே அனுப்பிவிடுகிறது. இப்படி ரத்தத்தில் கீட்டோன் கூடியிருக்கும் நிலைக்குப் பெயர் கீட்டோசிஸ். ‘கீட்டோன் நிலை’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

வாசனையின் மூலம்

அவல் இடிக்கிற இடத்தில் உமி பறக்கும். கல்லீரல் செய்யும் கீட்டோன்களில் முக்கியமானவை இரண்டு: அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். இவற்றில் முதலாவது, தானே கொஞ்சம் சிதைந்து அசிட்டோன் ஆகிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருக்கிற அதே அசிட்டோன்தான். எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால் நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறுகிறது. நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதை வில்ஹெல்ம் பெட்டர்ஸ் 1857லேயே கண்டறிந்து சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டில் அழுகியது எதுவும் இல்லை. குதிர் திறந்திருக்கிறது, உலக்கை ஓடுகிறது, உமி பறக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனைத்தபோது, வெளிர்நிறத்தில் இருந்த அதன் நுனி 15 விநாடியில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு சீரானது.

அறுவை சிகிச்சை செய்தது என்ன?

1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் உடல் பருமனுக்காக, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிய பெண்கள் மெலிவதையும், பிறகு எடை கூடச் சிரமப்படுவதையும் கவனித்ததில் பிறந்த யோசனை அது. இன்று அதைவிட அதிகமாகச் செய்யப்படுவது ஸ்லீவ் முறை. இரைப்பையில் முக்கால் பாகத்தை நீக்கி, மீதியைச் சட்டைக்கை போல ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்கள். லிட்டர் கணக்கில் விரியக்கூடிய பை, ஒரு காபி டம்ளர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நீக்கப்படும் மேற்பகுதிதான் கிரெலின் என்ற பசி ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும் இடம். ஆகவே இடம் குறைவதோடு பசியும் தணிகிறது.

உள்ளே போகும் உணவு இவ்வளவு குறைந்தால், எந்த உணவுமுறையைப் பின்பற்றினாலும் முதல் வாரங்களில் கீட்டோன் நிலை தானாக வந்துவிடும். அதற்கென்று தனியாக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

அறுவைக்குப் பின் முதல் நாட்களிலேயே ரத்தச் சர்க்கரையும் இறங்குகிறது. அது கத்தியின் வேலையா, உணவுக் குறைவின் வேலையா? அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் செய்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. நீரிழிவு உள்ள 10 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து, அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் அதே உணவை, அறுவை செய்யாமலே 10 நாள் கொடுத்தார்கள். இடைவெளி விட்டு, அதே 10 பேருக்கு இரைப்பை பைபாஸ் செய்து, மறுபடி அதே உணவை 10 நாள் கொடுத்தார்கள். உணவு மட்டும் குறைந்த நாட்களில் ரத்தச் சர்க்கரை, அறுவைக்குப் பிந்தைய நாட்களுக்குச் சற்றும் குறையாமல் இறங்கியிருந்தது. முதல் நாட்களின் மாயம் பெரும்பாலும் சாப்பாட்டுக் குறைவில் இருக்கிறது. அந்தக் குறைவை மாதக்கணக்கில், பசி வாட்டாமல் தாங்கவைப்பதில்தான் அறுவை சிகிச்சையின் பங்கு.

உமி கூடினால் குதிர் குறையுமா?

பட்டையின் நிறத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் ஆசை பிறக்கும். நிறம் இன்னும் அடர்ந்தால் கொழுப்பு இன்னும் வேகமாகக் கரையுமே! மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட்டு, காபியில் நெய்யும் தேங்காய் எண்ணெயும் கலந்து குடிக்கத் தோன்றும். அக்காவுக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

குதிர் இருக்கட்டும்; உரலை யோசித்துப் பாருங்கள். உரலில் விழும் நெல் நம் குதிரிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வாங்கி வந்ததா என்று உலக்கைக்குத் தெரியாது. நெய்யைக் குடித்தாலும் அதிலிருந்து கீட்டோன் வரும். பட்டையும் கத்தரிப்பூ நிறமாகும். குதிர் மட்டும் அப்படியே இருக்கும். பட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. அது அசிட்டோஅசிட்டேட்டை மட்டும் காட்டுமே தவிர, அளவில் கூடுதலான பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்டைக் காட்டாது.

2016இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் இதைச் சோதித்தார்கள். எடை மிகுந்த 17 ஆண்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, முதல் நான்கு வாரம் மாவுச்சத்து நிறைந்த உணவு, அடுத்த நான்கு வாரம் அதே கலோரியில் கீட்டோன் உணவு என்று கொடுத்தார்கள். உணவு மாறியதும் இன்சுலின் இறங்கியது, கீட்டோன் ஏறியது, எடையும் சட்டென்று விழுந்தது. ஆனால் கொழுப்பு கரையும் வேகம் கூடவில்லை. தொடக்கத்தில் சற்று மந்தப்படவும் செய்தது.

அப்படியானால் விழுந்த எடை எது? தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். அரிசிப் பானை காலியாகும்போது அந்த நீரும் சிறுநீராகப் போய்விடும். முதல் வாரத்தில் தராசு காட்டும் பெரிய இறக்கத்தில் இதற்குப் பெரும் பங்குண்டு. பிற்பாடு ஒருநாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதும் ஒரு கிலோ ஏறிவிட்டதாகத் தெரிவதும் இந்த நீர் திரும்புவதால்தான். இதற்காக யாரும் மனம் உடைய வேண்டாம்.

டம்ளர் அளவு வயிற்றில் எது முதலில்?

பின்பு ஏன் மருத்துவர்களும் டயட்டீஷியன்களும் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்? கீட்டோனை ஏற்றுவதற்காக அவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

முதல் காரணம் இடம். அறுவை சிகிச்சைக்குப் பின் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். அவல் வந்துசேர்ந்த பிறகும் மூளைக்குக் கொஞ்சம் சர்க்கரை வேண்டியே இருக்கிறது. சாப்பாட்டில் புரதம் போதாவிட்டால் உடல் உத்தரத்தில், அதாவது தசையில், கைவைக்கும். ஓர் இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். இரண்டு இட்லியால் நிரம்பிவிடும் வயிற்றில் முட்டைக்கு எங்கே இடம்? அதனால்தான் தட்டில் முதல் வாய் புரதமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்: முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டித்தயிர், பருப்பு, சுண்டல், சோயா. அடுத்தது காய். சோறும் இட்லியும் மிஞ்சிய இடத்துக்கு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 60 கிராமை எட்டுவது பெரும்பாடு. மருத்துவர் சொன்னால் புரதப் பொடியைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கக் கூடாது.

இரண்டாவது காரணம் வேகம். முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இனிப்பும் பழச்சாறும் வயிற்றில் தங்காமல் சிறுகுடலில் கொட்டிவிடும். அரைமணி நேரத்துக்குள் வயிற்றுவலி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, அளவு மீறிச் சுரந்த இன்சுலினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றும். மருத்துவர்கள் இதை டம்பிங் என்பார்கள். ‘விரைந்திறங்கல்’ என்று சொன்னால் நடப்பது விளங்கும்.

மூன்றாவது, வழுக்கும் உணவுகள். கஞ்சி, பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் இளகி எளிதில் இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வு வராது. எவ்வளவு போனது என்றும் தெரியாது. வருடங்கள் கழித்து எடை திரும்பும் வழிகளில் இதுவும் ஒன்று.

ஆகவே இது மாவுச்சத்துக்கு விதித்த தடை என்று நினைக்க வேண்டாம்; பந்தியில் யாருக்கு முதலிடம் என்ற ஒழுங்குதான். கூடவே தண்ணீரும், மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ஆயுள் முழுக்க. குதிரில் ஆற்றல் உண்டு. பி12 இல்லை, இரும்பு இல்லை.

அவல் குவிந்து மூச்சடைத்தால்

கீட்டோன் நிலையையும் ‘கீட்டோ அமிலநிலை’ என்ற ஆபத்தையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கீட்டோன்கள் இரண்டும் அமிலங்கள். குறைவாக உண்பவர்களின் ரத்தத்தில் அவை பெரும்பாலும் லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். உடலில் சுரக்கும் சிறிதளவு இன்சுலின் உலக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கும். அந்த இன்சுலினும் இல்லாதவர்களுக்குக் கட்டு அறுந்துவிடும். 10, 20 என்று கீட்டோன் ஏறி, ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும்.

நம் நாட்டில் நீரிழிவுக்கு இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இந்த ஆபத்தைக் கூட்டும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய சரியாகவே இருக்கும்போதும் அமிலநிலை வரலாம். அதனால் அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும் மூச்சு, மயக்கம் என்று வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து மூளை நரம்புகள் பாதிக்கப்படவும் கூடும். இதில் ஒருநாள் தாமதமும் கூடாது.

வாசனை போன பிறகு

ஏழெட்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். ஒரு முட்டை, பாதி இட்லி, கொஞ்சம் கூட்டு என்று சாப்பிடப் பழகியிருந்தாள். “அந்த வாசனையே இல்லடா இப்போ. பட்டையும் நிறம் மாறல. கரையறது நின்னுடுச்சா?” முன்பு வாசனை வந்ததற்குப் பயந்தவள், இப்போது அது போனதற்குப் பயந்தாள்.

மூளைக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதி இப்போது சாப்பாட்டிலிருந்தே வந்துவிடுகிறது. குழந்தைக்குச் சோறு கிடைத்தபின் அவல் இடிக்கத் தேவையில்லை. கோழிகளோ நெல்லைக் கொத்திக்கொண்டுதான் இருக்கின்றன. உமி பறக்காவிட்டாலும், உண்பது செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை குதிர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014இல் அணு அணுவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. மூச்சில் நாம் முகர்ந்த அசிட்டோன் அதற்கு முன்னால் ஒரு சிட்டிகை. கொழுப்பு போகும் பெருவழியும் மூச்சுதான். ஆனால் அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

அடுத்த முறை போனபோது அக்கா மாடிப்படி ஏறிவந்து கதவைத் திறந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. பீரோவிலிருந்து வளையல்களை எடுத்துப் போட்டிருந்தாள். தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போது கை உயர்ந்தது. வளையல்கள் சோப்பு நுரை எதுவும் இல்லாமல் முழங்கை வரை சரிந்து போய் நின்றன.